ஆலும் வேம்பும் ஆம்ஸ்டர்டாமும்

பல் துலக்க ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் சிறந்தவை என்னும் பழமொழியை நம் முன்னோர் தமிழகத்திலிருந்தே கொண்டுவந்தனர். மட்டாஞ்சேரியில் குடியேறிய பின்னர் உமிக்கரியையும் பழுத்த மாவிலையையும் அண்டை வீட்டாரிடம் கற்றனர். இன்று பற்பசை புகாத வீடு நம் குடியிருப்பில் இல்லை. ஆயினும் அம்மரங்களின் வரலாற்றில் நம் கொச்சிக்கு ஓர் இடம் உண்டு. அதனை ஈண்டுக் கூற விழைகின்றேன்.

1663-ஆம் ஆண்டில் போர்த்துக்கேசியரை வென்று டச்சுக்காரர் கொச்சியைக் கைக்கொண்டனர். பின்னர் இங்கு ஆளுநராயிருந்த வான் ரீட் என்பார் மலையாள நாட்டுச் செடிகொடிகளையெல்லாம் படத்துடன் தொகுக்க முனைந்தார். படைவீரராய் வந்த அவருக்கு இந்நாட்டு மூலிகைகளின் இயல்பை உரைத்தவர்கள் இந்நாட்டவரே. சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளியின் ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன், தம் குடும்பத்து ஏட்டுச்சுவடிகளின் துணைகொண்டு பெயரும் பயனும் எடுத்துரைத்தார். கொச்சியில் வாழ்ந்த கொங்கணி அந்தணர்களாகிய ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய மூவரும் துணைநின்றனர். இவ்வாறு பிறந்ததே 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் இலத்தீன் நூல். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அது அச்சாயிற்று. ஆலமரம் 'பேரால்' என்னும் மலையாளப் பெயரோடு முதல் தொகுதியிலும், வேம்பு 'ஆரியவேப்பு' என நான்காம் தொகுதியிலும் இடம்பெற்றன. நால்வர்தம் சான்றுரைகளும் அவரவர் எழுத்திலேயே முதல் தொகுதியில் வெளியாயின. பிறர் அறிவைத் தமதென்றே எழுதிக்கொண்ட மேனாட்டார் பலருள் வான் ரீட் இவ்வகையில் மேலானவர் என்பேன். எனினும் அறிவு தந்த மண்ணின் மக்கள் அந்நூலைப் படிக்க இயலவில்லை. பேராசிரியர் கே. எஸ். மணிலால் பல்லாண்டு உழைத்து ஆக்கிய ஆங்கில மொழிபெயர்ப்பு 2003-இல்தான் கேரளப் பல்கலைக்கழகத்தால் வெளியிடப்பெற்றது.

வேம்பைத் தாங்கிய தொகுதி வெளிவந்தது 1683-இல். அதே ஆண்டு செப்டம்பரில், ஆம்ஸ்டர்டாமுக்கு 40 கல்லுக்குட்பட்ட டெல்ஃப்ட் நகரில், லேவன்ஹூக் என்னும் துணிவணிகர் தாமே தேய்த்த கண்ணாடி வில்லையின் வழியாகத் தம் பல்லிடுக்கின் அழுக்கை நோக்கினார். உயிருடன் நெளியும் நுண்ணுயிர்களைக் கண்டு இலண்டன் ராயல் சொசைட்டிக்கு மடல் வரைந்தார். காடியால் வாயைக் கொப்புளித்தும் பார்த்தார். அழுக்கின் உள்ளே பதுங்கியவை சாகவில்லை!

கிருமி ஒரு நகரிலும் அதனை அடக்கும் மரம் மற்றொரு நகரிலுமாக ஒரே ஆண்டில் ஒரே நாட்டில் ஏடேறின. ஆயினும் இவ்விரண்டையும் இணைத்துக் காண இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சர்க்கரையை அமிலமாக்கிக் கிருமிகளே பல்லை அரிக்கின்றன என்பதை மில்லர் 1890-இல் பெர்லினிலிருந்து எழுதினார். வேப்பெண்ணெயின் கசப்புப் பொருள்களை 1942-இல் சலீமுசமான் சித்திகி நம் நாட்டிலேயே பிரித்தெடுத்தார். வேப்பங்குச்சியின் சாறு பல்லரிக்கும் கிருமியின் வளர்ச்சியையும், அது பல்லில் ஒட்டுவதையும் குறைக்கின்றது என ஆய்வுக்கூடச் சோதனைகள் பின்னர்க் காட்டின. ஆலுக்கும் வேலுக்கும் துவர்ப்பே வலிமை. ஈறை இறுக்குவது அதுவே.

சாறு மட்டும் போதுமா? லேவன்ஹூக்கின் காடி தோற்ற இடத்தில் எந்தச் சாறும் தனித்து நின்று முழுதும் வெல்லாது. குச்சியை மென்றால் நார் தூரிகையாகி அழுக்கைச் சுரண்டும்; சுரண்டிய இடத்தில் சாறு இறங்கும். உமிக்கரியோ வேறு வகை. அழுந்தத் தேய்த்தால் எனாமல் என்னும் மேற்பூச்சையே அது தேய்த்துவிடும். அதனை விட்டது நன்றே.

குழி விழுந்த பல்லைக் குச்சி அடைக்காது. மருத்துவரிடம் போதல் வேண்டும். அங்கும் நம் ஊர்க் கிடங்குகளில் மணக்கும் சரக்கு ஒன்று உண்டு. கிராம்பெண்ணெயில் உள்ள யூஜினால், கிருமியின் மேலுறையைச் சிதைத்து வலியையும் தணிப்பது. ஈறில் நேரே தடவினால் புண்ணாக்கும் காரம் உடையது அது. அதனைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்தே மருத்துவர் குழியைத் தற்காலிகமாக அடைக்கின்றனர்.