அசைவுக் கற்பனையும் மூளை-கணினி இணைப்பும்

கையை அசைக்காமல், அசைப்பதாக மனத்தில் மட்டும் நினைக்கும்போது மூளையில் தோன்றும் மின் மாற்றத்தைக் கண்டுபிடித்து, கணினிக்கோ இயந்திரக் கைக்கோ கட்டளையாக்கும் முறை இது. மண்டைத் தோலில் மின்முனைகள் பொருத்தி எடுக்கும் ஈஈஜி பதிவையே இதற்குப் பெரும்பாலும் நம்புகிறார்கள். உடல் சும்மா இருக்கையில் மூளையின் இயக்கப் பகுதிக்கு மேலே நொடிக்கு 8 முதல் 13 முறை துடிக்கும் மியூ அலை தென்படும். வலக்கையை அசைத்தாலும், அசைப்பதாக நினைத்தாலும், மூளையின் இடப்பக்கத்தில் இவ்வலை தணியும். இடக்கைக்கு வலப்பக்கத்தில் தணியும். கணினிக்குத் தெரிவது இந்த ஏற்ற இறக்கம்தான், எண்ணத்தின் உள்ளடக்கம் அதற்கு எட்டாது. 'மனத்தைப் படிக்கும் கருவி' என்று செய்தித்தாள்கள் எழுதினாலும், கிடைக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால், மனிதரும் கணினியும் சேர்ந்து பழகிக் கற்கும் ஒரு கைத்திறன் என்று இதைச் சொல்வதே பொருத்தம்.

ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து 1929-ல் வெளியிட்டார். அசைவின்போது இயக்கப் பகுதியின் அலைகள் தடைபடுவதை மாண்ட்ரியலில் ஜாஸ்பரும் பென்ஃபீல்டும் 1949-ல் விவரித்தனர். அதே பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, அதே 1949-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 'மூளை-கணினி இடைமுகம்' என்ற பெயரை 1973-ல் கலிபோர்னியாவின் ஜாக் விடால் வழங்கினார். 1991-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜொனாதன் வோல்ப்பாவின் குழு, மியூ அலையைக் கூட்டிக் குறைத்துத் திரையில் ஒரு குறியை நகர்த்த ஆட்களைப் பழக்கியது.

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் கெர்ட் ஃபர்ட்ஷெல்லரின் குழுதான் அசைவுக் கற்பனையைத் தனித் துறையாக வளர்த்தது. கை கால் செயலிழந்த ஒருவர், பல மாதப் பயிற்சிக்குப் பின், தம் கையில் பொருத்திய கருவியைத் திறந்து மூடியதை 2000-ல் அக்குழு அறிவித்தது. கையை மூட அவர் நினைத்தது கையை அல்ல, பாதங்களை! அந்த நினைப்பே அவரிடம் தெளிவான அலையைத் தந்தது. நோக்கம் ஒன்று, நினைப்பு வேறு. இரண்டையும் இணைத்தது பழக்கம். இதற்கு வலுவான அளவீடு 2010-ல் வந்தது. மூளையின் மேற்பரப்பிலேயே மின்முனைகள் வைக்கப்பட்டிருந்த 8 நோயாளிகளிடம், கற்பனையில் எழும் மாற்றம் உண்மை அசைவின்போது எழுவதில் ஏறக்குறைய 25 விழுக்காடே இருந்தது. திரையில் குறி நகர்வதைப் பார்த்தபடி அவர்கள் பழகியதும், அது உண்மை அசைவின் அளவையே தாண்டியது.

இந்தியா இவ்வரலாற்றில் நேரடியாக இடம்பெறும் நிகழ்வு திருவனந்தபுரத்தில் நடந்தது. அதன் பதிவு விரிவாகவே கிடைக்கிறது. 2014 மார்ச் 28 அன்று, பார்சிலோனாவைச் சேர்ந்த கார்லஸ் கிராவ், ஜூலியோ ருஃபினி ஆகியோரின் குழு, தலையில் மின்முனைகளுடன் அங்கே அமர்ந்திருந்த ஒருவரிடமிருந்து பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்த இன்னொருவருக்கு 'ஹோலா' என்ற ஸ்பானிய வணக்கச் சொல்லை அனுப்பியது. ஒவ்வொரு எழுத்தும் 5 பிட்டுகள். பிழை தவிர்க்க ஏழு முறை திரும்ப அனுப்பியதால் நான்கு எழுத்துக்கு 140 பிட்டுகள். 1 என்றால் கைகளை அசைப்பதாகவும், 0 என்றால் பாதங்களை அசைப்பதாகவும் அவர் நினைக்க வேண்டும். கடல் கடந்து அதைக் கொண்டுபோனது சாதாரண மின்னஞ்சல். பெறுபவரின் தலையருகே இருந்த காந்தச் சுருள் துடித்தபோது, 1-க்கு மட்டும் கண்ணில் ஒளிப்பொட்டு தோன்றியது. வேகம் நிமிடத்துக்கு 2 முதல் 3 பிட். அதாவது ஓர் எழுத்துக்குப் பத்து நிமிடத்துக்கும் மேல். பின்னர் 'சாவ்' என்ற சொல்லும் சென்றது. அனுப்பியவர் மனத்தில் வணக்கம் இருந்ததா என்பது கருவிக்குத் தெரியாது.

மூளையிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்பியதில் முதலிடம் யாருக்கு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ராஜேஷ் ராவ், 2013 ஆகஸ்ட் 12 அன்று ஒரு வீடியோ விளையாட்டைப் பார்த்தபடி வலக்கையை அசைப்பதாக நினைத்தார். வளாகத்தின் மறுபுறத்தில் இருந்த ஆண்ட்ரியா ஸ்டாக்கோவின் விரல் விசைப்பலகையைத் தட்டி பீரங்கியை வெடிக்கச் செய்தது. ஸ்டாக்கோ அதை நரம்புத் துடிப்பு போல இருந்தது என்றார். ராவ் சென்னையில் பிறந்தவர். பெறுபவர் செய்தியை உணர்ந்து அறிய வேண்டும் என்று கொண்டால் திருவனந்தபுரச் சோதனைக்கும், செயல் நடந்தால் போதும் என்றால் சியாட்டிலுக்கும் முதலிடம் தரலாம். 2014-ல் மூன்று இணைகளுடன் சியாட்டில் குழு திரும்பச் செய்தபோது துல்லியம் 25 முதல் 83 விழுக்காடு வரை மாறுபட்டது. பெரும்பாலான தவறுகள் அனுப்புபவர் பக்கமே நேர்ந்தன.

இது பழக்கத்தால் வரும் திறன் என்பதை மறுக்க 2021-ன் ஸ்டான்ஃபோர்டு ஆய்வைக் காட்டலாம். 2007 முதல் செயலிழந்திருந்த ஒருவர் கையால் எழுதுவதாக முயன்றபோது, நிமிடத்துக்கு 90 எழுத்துகள் திரையில் வந்தன. அசைவின் வடிவம் ஆண்டுகள் கழிந்தும் மூளையில் தங்கியிருப்பதை இது காட்டுகிறது என்பதை ஏற்கவே வேண்டும். ஆனால் அது மூளைக்குள் பதித்த மின்முனைகளின் பலன். தோலின் மேலிருந்து எடுக்கும் பதிவில் அந்த நுணுக்கம் கிடைப்பதில்லை. ஆழ்கற்றல் நிரல்கள் வந்தபின் மனிதப் பயிற்சி தேவையில்லை என்பது இன்னொரு மறுப்பு. இந்நிரல்கள் பலவும் சோதிக்கப்படுவது 2008-ன் மூளை-கணினி இடைமுகப் போட்டிக்காக 9 பேரிடம் 22 மின்முனைகளில் எடுத்த பதிவில்தான். பதிவு மாறாது, உயிருள்ளவர் திரையைப் பார்த்ததும் மாறுவார். 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு இம்முறை சரிவரக் கைவருவதில்லை என்ற மதிப்பீட்டின் காரணமும் இன்னும் விவாதத்தில் உள்ளது.

அண்மைக்காலத்தில் பக்கவாத மறுவாழ்வின் பக்கம் இந்த ஆய்வு திரும்பியுள்ளது. கான்பூர் ஐஐடியின் ஆஷிஷ் தத்தா, அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் கிரிஜேஷ் பிரசாத் ஆகியோரின் கை இயந்திரம் இந்தியாவிலும் பிரிட்டனிலுமாக 8 பேரிடம் சோதிக்கப்பட்டது. முடிவு சொல்ல அந்த எண்ணிக்கை போதாது. பழக்கமே அடிப்படை என்றால், நிரல் எழுதுபவரும் பிசியோதெரபிஸ்டும் ஒரே நோயாளியை மாதக்கணக்கில் கவனிக்க வேண்டும். பொறியியல் கல்லூரிகளும் மருத்துவக் கல்லூரிகளும் அருகருகே அமைந்த ஆவடி, பூந்தமல்லி போன்ற வட்டாரங்களில் அதற்கு இடவசதி உண்டு. இத்தகைய கூட்டுப்பணி இல்லாமல், பதிவுகளில் கூடும் துல்லியம் நோயாளியின் கைக்கு வந்து சேரும் என்று எதிர்பார்க்க முடியாது.