சிறுநீரக நோயும் நுண் ஆர்.என்.ஏக்களும்

நுண் ஆர்.என்.ஏ (மைக்ரோ ஆர்.என்.ஏ) என்பது ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடுகள் நீளமுள்ள, புரதத்திற்கான குறியீடு இல்லாத சிறிய ஆர்.என்.ஏ ஆகும். இது தூது ஆர்.என்.ஏவுடன் இணைந்து, அதிலிருந்து புரதம் உருவாவதைக் குறைக்கிறது. புழுவில் கண்டறியப்பட்ட இம்மூலக்கூறு, பின்னர் சிறுநீரக நோய் ஆய்வில் முக்கிய இடம் பெற்றது.

கண்டுபிடிப்பு

1993இல் அமெரிக்காவில் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகியோரின் குழுக்கள், லின்-4 என்னும் நுண் ஆர்.என்.ஏ உருளைப்புழுவில் செயற்படும் முறையை விளக்கின. அது புழுக்களுக்கு மட்டுமே உரியது என்று பலர் எண்ணினர். 2000இல் ருவ்குன் குழு அறிவித்த லெட்-7, மனிதர் உட்படப் பல விலங்குகளிலும் காணப்பட்டதால் அவ்வெண்ணம் மாறியது.

சிறுநீரக ஆய்வுகள்

நீரிழிவு நோயில், இரத்தத்தை வடிகட்டும் கிளாமருலஸ்களில் கொலாஜன் படிந்து தழும்பு உண்டாகலாம். 2007இல் கலிபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் நிறுவனத்தைச் சேர்ந்த ராமா நடராஜன் குழுவினர், நீரிழிவுள்ள சுண்டெலிகளின் கிளாமருலஸ்களில் மிர்-192 மிகுந்திருப்பதைக் கண்டனர். கொலாஜன் உற்பத்தியைத் தடுக்கும் ஒரு புரதத்தை அது அடக்கியது.

2008இல் வெளியான ஆய்வுகளில், நுண் ஆர்.என்.ஏ உருவாகத் தேவையான டைசர் நொதி, சுண்டெலிகளின் போடோசைட்டுகளில் மட்டும் நீக்கப்பட்டது. இவை கிளாமருலஸின் வடிகட்டியைத் தாங்கும் உயிரணுக்கள். அச்சுண்டெலிகளின் சிறுநீரில் புரதம் கசிந்தது. சில வாரங்களில் சிறுநீரகம் செயலிழந்தது. நலமான சிறுநீரகத்திற்கும் நுண் ஆர்.என்.ஏக்கள் இன்றியமையாதவை என்பது இதனால் தெளிவானது.

2010இல் வேல்ஸின் கார்டிஃப் ஆய்வாளர்கள், நீரிழிவுச் சிறுநீரக நோயாளிகளின் திசு மாதிரிகளில் நேர்மாறான நிலையைக் கண்டனர். நோய் முற்றியவர்களிடம் மிர்-192 குறைந்திருந்தது. அவர்கள் ஆராய்ந்த சிறுநீர் நுண்குழல் உயிரணுக்களில், தழும்பைத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா புரதம் மிர்-192இன் அளவைக் குறைத்தது. கிளாமருலஸின் மெசாஞ்சியல் உயிரணுக்களிலோ அதே புரதம் அதைக் கூட்டியிருந்தது. ஒரே மூலக்கூறு, உயிரணுவுக்கு உயிரணு வேறுவிதமாக நடந்துகொண்டது.

மருந்து முயற்சி

2012இல், மிர்-21 இல்லாத சுண்டெலிகளின் சிறுநீரகங்களில் தழும்பு குறைவாக இருப்பது தெரிந்தது. ஆல்போர்ட் நோய் என்னும் மரபுவழிச் சிறுநீரக நோயுள்ள சுண்டெலிகளுக்கு மிர்-21ஐத் தடுக்கும் மருந்து தரப்பட்டபோது, அவை கூடுதல் காலம் வாழ்ந்தன. ஆனால் ஆல்போர்ட் நோயாளிகளிடம் நடந்த லேடமிர்சென் மருந்தின் இரண்டாம் கட்டச் சோதனை, பலன் தராது என்ற இடைக்கால மதிப்பீட்டால் 2022இல் நிறுத்தப்பட்டது.

ஆம்ப்ரோஸும் ருவ்குனும் 2024இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு பெற்றனர். அவ்வாண்டு வரை, நுண் ஆர்.என்.ஏவைக் குறிவைக்கும் எந்த மருந்தும் சிறுநீரக நோய்க்கு ஒப்புதல் பெறவில்லை. சுண்டெலியில் பலித்தது மனிதரிடமும் பலிக்குமா என்பதே இத்துறையின் முதன்மைக் கேள்வியாக உள்ளது.