ஜோகூர் சுல்தானின் ஜெர்மன் பெயர்

ஜோகூர் பாரு போனால் சுல்தான் அபு பக்கர் பள்ளிவாசலின் மினாராக்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். விக்டோரியா காலத்து மணிக்கூண்டுகளின் சாயல் அப்படியே தெரியும். 1892இல் அதைக் கட்டத் தொடங்கிய சுல்தானுக்கு இங்கிலாந்தின் மேல் அவ்வளவு பிரியம். அங்கே அவர் ஒரு காலத்தில் ஆல்பர்ட் பேக்கர் என்ற பெயரில்கூட உலவினார்!

ஆல்பர்ட் என்பது பழைய ஜெர்மானியப் பெயரான அடல்பெர்ட்டின் சுருக்கம். உயர்குடியும் ஒளியும் சேர்ந்த பெயர். நம் வீடுகளில் 'குலவிளக்கு' என்போமே, ஏறக்குறைய அதுதான். 597இல் ரோமிலிருந்து வந்த பாதிரியார் அகஸ்டினை வரவேற்ற கெண்ட் மன்னர் ஏத்தெல்பெர்ட்டின் பெயருக்கும் இதே வேர். 1066இல் நார்மன்கள் வந்தார்கள். வில்லியமும் ராபர்ட்டும் பெருகி, பழைய பெயர்கள் மங்கின. ஜெர்மனியில் மட்டும் இந்தப் பெயர் மவுசு குறையாமல் இருந்தது. ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அந்த வழியில் வந்தவர்தான்.

1840 பிப்ரவரியில் விக்டோரியா ராணி தன் ஜெர்மன் உறவுக்காரர் ஆல்பர்ட்டை மணந்துகொண்டார். அதோடு பெயருக்கு யோகம் அடித்தது. கைக்கடிகாரம் வராத அந்தக் காலத்தில் சட்டைப்பைக் கடிகாரத்தின் சங்கிலிக்கே 'ஆல்பர்ட்' என்று பெயர். 1864இல் ஆப்பிரிக்காவில் ஓர் ஏரியைக் கண்ட சாமுவேல் பேக்கர், மறைந்த இளவரசரின் பெயரை அதற்குச் சூட்டினார். ஆல்பர்ட்டும் பேக்கரும் அப்போதே பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டார்கள். இது தற்செயல்தான், ஆனால் அழகான தற்செயல்.

இரண்டே ஆண்டில், 1866இல், அபு பக்கர் லண்டன் போய் ராணியைச் சந்தித்தார். பின்னொரு பயணத்தில் அவர் வைத்துக்கொண்ட மாற்றுப் பெயரில் முதலெழுத்துகள் மாறவில்லை, 'பக்கர்' ஓசைக்குப் 'பேக்கர்' கச்சிதமாகப் பொருந்தியது. அந்தப் பெயரில் பழகி, கல்யாணம் செய்துகொள்வதாக வாக்களித்து ஏமாற்றிவிட்டார் என்று மிகெல் என்ற பெண்மணி வழக்குத் தொடுத்தார். ஜோகூர் சுல்தான் சுதந்திர மன்னர் என்று குடியேற்ற நாடுகள் அமைச்சகம் கடிதம் கொடுத்தது. வேறு பெயரில் வாழ்ந்தாலும் மன்னர் மன்னரே, அவரை இங்கே விசாரிக்க முடியாது என்றது நீதிமன்றம். அந்தப் பெண்ணுக்கு ஞாயம் கிடைத்ததா என்பது வேறு கேள்வி, எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. ஜோகூருக்கோ தன் இறையாண்மைக்கு லண்டன் நீதிமன்றத்திலேயே அத்தாட்சி கிடைத்தது. பன்னாட்டுச் சட்ட மாணவர்கள் இன்னமும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள்.

சுல்தான் 1895 ஜூனில் லண்டனிலேயே காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 14இல், இளவரசர் ஆல்பர்ட்டின் நினைவு நாளன்று, அவருடைய கொள்ளுப்பேரன் பிறந்தார். பிள்ளைக்கு ஆல்பர்ட் என்றே பெயர் வைத்தார்கள். 1936இல் அரியணை ஏறியபோது அவர் எடுத்துக்கொண்ட பெயர், ஆறாம் ஜார்ஜ்.