புகுந்த வீட்டில் கைம்பெண்ணின் உரிமைகள்

இந்தியாவில் கணவனை இழந்த இந்துப் பெண்ணுக்குப் புகுந்த வீட்டின் மீது இருவகை உரிமைகள் உண்டு: வாரிசாகப் பெறும் பங்கு, அங்கே குடியிருக்கும் உரிமை. முன்னதற்கு ஆதாரம் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். பின்னதற்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். பங்கே இல்லாத வீட்டிலும் குடியிருக்கும் உரிமை இருக்கலாம். இது தெரியாததால்தான், "வீடு மாமனார் பேரில் இருக்கிறது, உனக்கென்ன உரிமை?" என்ற ஒரு பேச்சிலேயே பல பெண்கள் பிள்ளைகளோடு தாய்வீடு திரும்பிவிடுகிறார்கள்.

வீடு யாருடையது என்பதைப் பொறுத்தே பங்கு அமையும். அது கணவரின் சுயசம்பாத்தியமாக இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கணவரின் தாய்க்கும் ஆளுக்கொரு சமபங்கு. மாமியாரும் பங்காளி என்பது பலருக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போதுதான் தெரியவருகிறது. மாமனார் இந்த முதல் வகுப்பில் வரமாட்டார். பூர்வீகச் சொத்தானால், கணவர் இறப்பதற்குச் சற்று முன் பாகப்பிரிவினை நடந்திருந்தால் அவருக்கு எவ்வளவு கிடைத்திருக்குமோ அது இதே முறையில் பிரியும். மாமனார் தாமே வாங்கிய வீடு என்றால், அவர் இருக்கும்வரை மருமகளுக்குப் பங்கில்லை. அவர் உயிலின்றி இறந்தால், முன்பே இறந்த மகனின் மனைவி என்ற முறையில் அவளும் முதல் வகுப்பு வாரிசாகிறாள். மாமியார், ஒரு மகன், ஒரு மகள், இறந்த மகனின் மனைவி, அவளுடைய இரு குழந்தைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீடு நான்காகும், மருமகளுக்கு நான்காவது பங்கில் மூன்றிலொன்று, அதாவது 12இல் 1 பங்கு.

இந்தப் பங்குரிமை படிப்படியாகத்தான் வந்தது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் கணவரின் பங்கை மனைவிக்குத் தந்தது, ஆனால் ஆயுள்கால அனுபவமாக மட்டுமே. விவசாய நிலம் அதில் சேரவில்லை. சென்னை மாகாணம் 1947இல் தனிச் சட்டம் இயற்றி அதைச் சேர்த்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அந்த அரை உரிமையை முழு உரிமையாக்கியது. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவோ, குடும்பம் வசிக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்று தடுத்தது. பங்கு காகிதத்தில் இருந்தது, சாவி கொழுந்தனிடம் இருந்தது. 2005 திருத்தம்தான் அந்தப் பிரிவை நீக்கியது. மறுமணம் செய்துகொண்ட மருமகளை மாமனார் சொத்திலிருந்து விலக்கிய 24ஆம் பிரிவும் அப்போதே போயிற்று.

குடியிருக்கும் உரிமை எல்லா மதத்தினருக்கும் பொது. மாமனார், மாமியாரின் தனிச் சொத்தில் இது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் கூறிய கருத்தை, அதே நீதிமன்றம் 2020 அக்டோபரில் தள்ளியது. 2022 மே மாதத் தீர்ப்பு ஒரு கைம்பெண்ணின் வழக்கிலேயே வந்தது: புகுந்த வீட்டில் உண்மையில் வாழ்ந்திராவிட்டாலும், அங்கே வாழ உரிமை பெற்றிருந்தவள் அதைக் கோரலாம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்; மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் உதவுவார். ஆனாலும் இது உடைமை ஆகாது. முதியவர்களின் நிலையையும் பார்த்து, நீதிமன்றம் வேறு இருப்பிடம் ஏற்பாடு செய்யச் சொல்லலாம்.

நடைமுறையில் பங்கு கைநழுவுவது பெரும்பாலும், அதை விட்டுக்கொடுப்பதாக எழுதித்தரும் விடுதலைப் பத்திரத்தில். காரியம் முடிந்த கையோடு கையெழுத்துக் கேட்பார்கள். அவள் தன் பங்கை விட்டுக்கொடுக்கலாம். வாரிசாக வந்த மைனர் பிள்ளைகளின் பங்கை நீதிமன்ற அனுமதியின்றி விட்டுக்கொடுத்தால், அது பின்னர் ரத்தாகக்கூடியது.

பிள்ளையில்லாத கைம்பெண் உயிலின்றி இறந்தால், கணவர் அல்லது மாமனார் வழியே வாரிசாகப் பெற்ற சொத்து கணவரின் வாரிசுகளுக்கே திரும்பும். முழு உரிமையாளர் என்பதால், வேறு யாருக்கேனும் போய்ச்சேர அவள் உயில் எழுதிவைக்கலாம்.