சிரட்டைக்காக உடைத்த தேங்காய்

எடின்பரோவின் துறைமுகப் பகுதி லீத். அங்கே ஜைல்ஸ் தெருவில் 'வால்ட்ஸ்' என்றொரு பழைய கல் கட்டடம் இருக்கிறது. பல நூறு வருடம் ஒயின் வியாபாரிகளின் கிடங்காக இருந்தது. இப்போது விஸ்கிச் சங்கம் ஒன்றின் கூடம். நான் பீர், விஸ்கி தயாரிப்பு படிக்கப் போயிருந்த வருடம், அதன் மாடியில்தான் ஷெர்ரி பீப்பாயில் ஊறிய சிங்கிள் மால்ட்டை முதன்முதலில் கையில் வாங்கினேன். கூட வந்த பெரியவர் விஸ்கி கலப்புக்கூடத்தில் முப்பது வருடம் மூக்கை வைத்துப் பிழைத்தவர்.

கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கருப்பட்டிப் பாகு நிறம். வியந்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நிறத்துக்கு மார்க் போடாதே, கேரமல் கலக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது" என்று அடக்கிவிட்டார். (இந்தப் பாட்டிலில் கலக்கவில்லை என்பதைக் கடைசியில்தான் சொன்னார்.) பிறகு விஸ்கி ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டு பங்கு ஊற்றினார். எனக்குத் திக்கென்றது. ஆனால் கலப்புக்காரர்கள் முகர்வதே அப்படித்தான். 60 சதவீத வீரியத்தில் முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும்; 20 சதவீதத்துக்குக் கிட்டே இறக்கினால் ஒளிந்திருப்பதெல்லாம் வெளியே வரும்.

வந்தது. முதலில் உலர்திராட்சை, பேரீச்சை. அப்புறம் ஆரஞ்சுத் தோல், கிராம்பு, பாட்டி வீட்டு மர பீரோவைத் திறந்தால் அடிக்கும் வாடை. எல்லாவற்றுக்கும் அடியில் மெலிதாக, அப்போதுதான் உரசிய தீக்குச்சியின் நெடி. கந்தகமா என்று கேட்டேன். பெரியவர் முதல் தடவையாகச் சிரித்தார். சிலர் மூக்குக்கு அது பிடிபடுவதே இல்லையாம். அவர்கள் புண்ணியவான்கள் என்றார்.

காலி ஒயின் பீப்பாய் வழியில் புளித்துப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, உள்ளே கந்தகத் திரி கொளுத்துவது பழைய வழக்கம். அந்தப் புகைதான் பல வருடம் கழித்து என் கோப்பையில் நின்றது. விஸ்கி காய்ச்சும்போதே பிறக்கும் கந்தகம் வேறு. அது வெந்த முட்டைக்கோஸ் வாடையில் இருக்கும், ஊற ஊறப் பெரும்பாலும் அடங்கிவிடும். தீக்குச்சி நெடி லேசில் போகாது.

அந்தப் பீப்பாய் ஸ்காட்லாந்துக்கு வந்த கதையை யாரும் திட்டம் போட்டு எழுதவில்லை. தெற்கு ஸ்பெயினின் ஹெரேஸ் ஊர் ஒயின்தான் ஷெர்ரி. 1587-இல் காடிஸ் துறைமுகத்தைத் தாக்கிய பிரான்சிஸ் டிரேக் 2,900 பீப்பாய் ஷெர்ரியை அள்ளிக்கொண்டு போனார். இங்கிலாந்துக்காரர்களின் அந்த நாக்கு ருசி 19-ஆம் நூற்றாண்டிலும் குறையவில்லை. ஒயின் சுமார் 500 லிட்டர் பிடிக்கும் பீப்பாய்களில் கப்பலேறி லண்டன், பிரிஸ்டல், லீத் துறைமுகங்களில் இறங்கும். பாட்டிலில் அடைப்பது அங்கேதான். காலிப் பீப்பாயைத் திருப்பி அனுப்பினால் கப்பல் கூலி யார் கொடுப்பது? 1823-இன் கலால் சட்டத்துக்குப் பிறகு உரிமம் வாங்கி வெளிச்சத்துக்கு வந்த ஸ்காட்லாந்து வடிசாலைக்காரர்களுக்குச் சரக்கை ஊற்றி வைக்கக் கலம் வேண்டியிருந்தது. மலிவாகக் கிடைத்ததை வாங்கினார்கள். ஊறுகாய் ஜாடியில் எதை ஊற்றி வைத்தாலும் ஊறுகாய் மணக்கும், அவ்வளவுதான் விஷயம். நம் 'பீப்பாய்' என்ற சொல்லும் அதே ஐபீரியக் கரையிலிருந்து, போர்ச்சுக்கீசியரின் 'பிப்பா'வாகக் கப்பலேறி வந்ததுதான்.

இதில் பலரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. ஹெரேஸ் கிடங்குகளில் ஷெர்ரி பல வருடம் ஊறும் பீப்பாய்கள் வேறு, கப்பலேறியவை வேறு. கிடங்குப் பீப்பாய்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்கி, சாறு செத்த மரம். ஒயினில் மரவாசம் ஏறக் கூடாது என்றுதான் அவர்கள் அப்படி வைத்திருக்கிறார்கள். லேசில் விற்கவும் மாட்டார்கள். கப்பலேறியது புது மரம், பெரும்பாலும் துவர்ப்பு மிகுந்த ஸ்பானிய ஓக். விஸ்கிக்கு ருசி கொடுத்தது அந்தச் சரக்குப் பெட்டிதான்.

பீப்பாய் பற்றாக்குறையும் சீக்கிரமே வந்தது. கிளாஸ்கோ வியாபாரி டபிள்யூ. பி. லோரி, சாதாரணப் பீப்பாயில் ஷெர்ரியை ஊற்றிப் பழக்கி விற்கும் வேலையை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிட்டார். பின்னால் 'பக்ஸரெட்' என்ற கெட்டியான இனிப்பு ஒயினை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றினார்கள். அந்தக் காலத்து ஷெர்ரி விஸ்கி மாதிரி வருமா என்று உருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அவர்கள் உருகுவதில் ஒரு பங்கு அந்தப் பாகுக்குச் சேர வேண்டியது. 1990 வாக்கில் அந்த வழக்கம் நின்றது. அதற்குச் சற்று முன், 1980-களிலேயே, ஷெர்ரியை ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்றாகி, பீப்பாயில் ஏற்றுமதியும் முடிந்துபோயிருந்தது.

இன்று விஸ்கிக் கம்பெனிகள் ஸ்பெயினில் புதுப் பீப்பாய் செய்யச் சொல்லி, அதில் ஒலரோசோ ஷெர்ரியை ஒன்றரை, இரண்டு வருடம் ஊறவைத்துக் கப்பலேற்றுகின்றன. வெளியே எடுத்த ஒயின் பெரும்பாலும் வினிகருக்கோ பிராந்திக்கோ போகிறது. சிரட்டைக்காகத் தேங்காய் உடைக்கிற கதை.

அதனால் இப்போது நான் தேடுவது திராட்சை மணத்தை அல்ல. அதைக் காசு கொடுத்து ஏற்றிவிடலாம். அதன் அடியில் பார்லிச் சரக்கு மூச்சுவிடுகிறதா என்று பார்க்கிறேன். கிராண்ட் குடும்பம் 1865 முதல் நடத்தும் கிளென்ஃபார்க்ளஸ் வடிசாலை எனக்குப் பிடிப்பது அதனால்தான். அங்கே கொப்பரைக்கு அடியில் நேரடியாகவே நெருப்பு எரிகிறது. சரக்கு கனமாக இறங்குகிறது, பீப்பாயை எதிர்த்து நிற்கிறது.

அன்று கிளம்பும்போது, தண்ணீர் கலக்காத கோப்பை ஒன்றில் கடைசிச் சொட்டை விட்டு அறைக்கு எடுத்துப் போகச் சொன்னார் பெரியவர். மேலே ஒரு தட்டை மூடி வைத்தேன். காலையில் திறந்தேன். சொட்டு காய்ந்துபோயிருந்தது. பேரீச்சையும் இல்லை, தீக்குச்சியும் இல்லை. இளஞ்சூட்டில் வறுத்த தானியத்தின் வாசம் மட்டும் கோப்பையின் அடியில் இருந்தது.