8 டாலரும் 99 டாலரும்

வரும் கோடையில் நானும் மனைவியும் அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போகிறோம். போன தடவை மாதிரி அவன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க உத்தேசமில்லை. ரயிலில் நாட்டைச் சுற்றப் போகிறோம். ஆம்ட்ராக் ரயிலில் 30 நாளில் 10 பயணம் போகலாம் என்று ஒரு பாஸ் இருக்கிறது. பென்சிலும் காகிதமுமாகக் கணக்குப் போட்டபோது, என் தாய்மாமா 1968-ல் போட்ட கணக்கு நினைவுக்கு வந்தது. அத்தையிடம் கேட்டு அந்த நோட்டையும் ஏரோகிராம் கடிதங்களையும் வாங்கி வந்தேன்.

மாமா அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். 1967 செப்டம்பரில் உதவித்தொகையோடு மேற்படிப்புக்கு மிச்சிகன் போனார். பி பாரம் பூர்த்தி செய்து அனுமதி வாங்கினால்தான் ரூபாயில்கூட விமான டிக்கெட் எடுக்க முடியும் என்ற காலம். கையில் கொண்டுபோனது 8 டாலர். டாலர் ஏழரை ரூபாய் ஆகி ஓராண்டு ஆகியிருந்ததால் அது 60 ரூபாய். உதவித்தொகை ஒருவருக்குத்தான் காணும். அத்தை கைக்குழந்தையோடு இங்கேயே இருந்தார்.

ஏன் இந்த 8 டாலர்? அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு 1939 செப்டம்பரில் உலகப் போரோடு வந்தது. அதற்கு முன் காலம் வேறு. ஏ.கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்துவிட்டு, 1937-ல் கப்பலில் போகும்போதே காந்தி படம் எடுக்கும் யோசனை தோன்றி, நாடு நாடாகத் திரிந்தார். போர் முடிந்தும் கட்டுப்பாடு போகவில்லை, 1947-ல் தனிச் சட்டமாகவே ஆயிற்று. 1955 ஜனவரியில் நம் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது, நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அடுத்த ஆண்டு தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் உருக்காலைகளுக்கும் இயந்திரங்களுக்கும் பணம் போய், ஓரிரு வருஷத்தில் செலாவணிக் கையிருப்பு கரைந்தது. வெளிநாட்டு லேத் வாங்கவே டாலருக்கு அல்லாடிய நாட்டில், ஊர் சுற்றிப் பார்க்க யார் டாலர் கொடுப்பார்கள்? எனக்கு அதில் குறையில்லை. அந்தத் தொழிற்சாலைகளால்தான் நாமெல்லாம் இந்தப் பக்கம் வீடு கட்டினோம்.

இனி மாமாவின் 99 டாலர். கிரேஹவுண்ட் பஸ் கம்பெனி வெளிநாட்டவருக்கென்று ஒரு சீட்டு விற்றது: 99 டாலர் கொடுத்தால் 99 நாள், எந்த பஸ்ஸிலும் எத்தனை தடவையும் ஏறலாம். அதை அமெரிக்காவுக்கு வெளியிலேயே வாங்கவேண்டும். நம் பணத்தில் 742 ரூபாய் 50 காசு. 8 டாலரோடு போகிறவர் அதை எங்கே வாங்குவது? லண்டனில் இருந்த நண்பர் ஒருவர் வாங்கித் தபாலில் அனுப்பினார். மாமா உதவித்தொகையில் மிச்சம் பிடித்துக் கடனை அடைத்தார்.

தந்திரம் எளிது. இரவெல்லாம் பஸ்ஸில் தூக்கம், பகலெல்லாம் ஊர். பெட்டியை பஸ் நிலைய லாக்கரில் சில்லறை போட்டுப் பூட்டிவிடலாம், குளியலறை இருந்தால் அதிர்ஷ்டம். சாப்பாடு ரொட்டி, பால், வாழைப்பழம். சிகாகோ, டென்வர், சால்ட் லேக் சிட்டி, சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சல்ஸ், கிராண்ட் கேன்யன், செயின்ட் லூயிஸ், வாஷிங்டன், நியூயார்க், நயாகரா என்று பெரிய வட்டம். 45 நாளில் ஹோட்டலில் படுத்தது 6 இரவு.

நோட்டில் ஒட்டிய வரைபடத்தில் தெற்கு மட்டும் காலி. மிசிசிப்பி, அலபாமா பக்கம் பென்சில் போகவே இல்லை. 1955-ல் நம் தூதர் ஜி.எல். மேத்தாவையே ஹூஸ்டன் விமான நிலைய உணவகத்தில் வெள்ளையரோடு உட்காரவிடவில்லை. பிறகு வெளியுறவு அமைச்சர் டல்லஸ் வருத்தம் தெரிவித்தார். 1961-ல் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து போன கிரேஹவுண்ட் பஸ்ஸை அலபாமாவில் கொளுத்தினார்கள். 1964 மே மாதம் ராம் மனோகர் லோகியா மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில், வேட்டியும் செருப்புமாக ஒரு உணவகத்துக்குப் போனார். திருப்பி அனுப்பினார்கள். மறுநாளும் போனார், போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அந்த ஜூலையிலேயே சட்டம் வந்து நிறத்தின் பேரால் தடுப்பது குற்றமாயிற்று. ஆனால் 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கை மெம்பிஸில் சுட்டுவிட்டார்கள். "சட்டம் வந்துவிட்டது, எனக்குத் தைரியம் வரவில்லை" என்று மாமா அத்தைக்கு எழுதியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அவர் இருந்த மிச்சிகனிலேயே டெட்ராய்ட் நகரம் அதற்கு முந்தைய கோடையில் கலவரத்தில் எரிந்திருந்தது.

இன்று ஒருவர் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். அவ்வளவு பணம் நம்மிடம் இருக்கிறதா என்பது வேறு விஷயம்!

நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அத்தையிடம் எங்கள் திட்டத்தைக் காட்டினேன். சிகாகோவிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் போகும் ரயில் மெம்பிஸ், ஜாக்சன் வழியாகத்தான் போகிறது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஜாக்சன்ல இறங்குவீங்களாப்பா?"

"இல்ல அத்தை, ரயில் நிக்கிறப்ப பார்த்துக்க வேண்டியதுதான்."

"மாமா பார்க்காத ஊராச்சே. இறங்கிப் பார்த்துட்டு வந்து சொல்லு."

இறங்கி ஏறினால் பத்தில் ஒரு பயணம் கூடுதலாகப் போகும். அதற்கு நயாகராவை விடவேண்டும். மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை.