எடைக்குப் போன ஆயுதசாலை

தஞ்சையின் கடைசி மராத்திய அரசர் இரண்டாம் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அத்தோடு அரசும் முடிந்தது. அரண்மனை ஆயுதசாலையில் குவிந்து கிடந்த வாள், கட்டாரி, ஈட்டி, துப்பாக்கிகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு 1863 வாக்கில் விடை கிடைத்தது. ஒரு பகுதியைப் பொறுக்கியெடுத்து, 1851-ல் தொடங்கியிருந்த சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். எஞ்சிய பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். சென்னை மாகாண சிவில் பணியில் இருந்த வால்ஹவுஸ் 1878-ல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் இந்த ஆயுதசாலையைப் பற்றி எழுதியதால்தான் நமக்கு இவ்வளவாவது தெரிகிறது. வெள்ளைக்காரன் அழித்த செல்வங்களின் பட்டியலில் இதையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு நகர்வது நம் வழக்கம். ஆனால் இதில் கவனிக்க வேண்டியது வேலையின் வரிசை. பழைய ஆயுதத்தை முதலில் இன்னதென்று அறிய வேண்டும். பிறகு மதிப்பிட வேண்டும். துருவில் கைவைப்பது கடைசி. தஞ்சையில் முதலில் துருவைப் பார்த்தார்கள், அதை வைத்தே விலையைத் தீர்த்தார்கள். இன்னதென்று அறியும் வேலை பெரும்பகுதிக்கு நடக்கவே இல்லை.

அந்தக் குவியலில் என்னென்ன இருந்திருக்கும் என்பதை இந்த வட்டாரத்தின் போர் வரலாறே சொல்லிவிடும். தஞ்சையிலிருந்து திருவையாறு போகிறவர் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டுகிறார். வடக்கிலிருந்து நெல்லுக்காக இறங்கிய படைகளுக்கும் இதே ஆறுகள்தான் தடை. 1616-ல் கல்லணைப் பக்கம் தோப்பூரில் தஞ்சை அரசர் ரகுநாத நாயக்கர் விஜயநகர வாரிசுப் போரில் வென்றார். 1620-ல் தரங்கம்பாடியை டேனியருக்குக் கொடுத்தவரும் அவரே. நாகப்பட்டினத்தில் போர்ச்சுக்கீசியர் இருந்தார்கள். 1658-ல் அது டச்சுக்காரர் கைக்குப் போனது. பிறகு மராத்தியர் வந்தார்கள். 1773-ல் ஆற்காட்டு நவாபுக்காகக் கம்பெனிப் படை தஞ்சையைப் பிடித்தது. 1781-ல் ஹைதர் அலியின் குதிரைப்படை இந்த வயல்களைச் சூறையாடியது. தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் பிடி உள்ளூர் வேலையாகவும் அலகு ஐரோப்பிய வாளிலிருந்து வெட்டியெடுத்ததாகவும் இருப்பது இந்தக் கலப்பின் சாட்சி. 250 ஆண்டு வணிகமும் போரும் அடுக்கடுக்காகப் படிந்த குவியல் அது.

துப்பாக்கிகளின் வகையைப் பிரிப்பதும் பெரிய வித்தையல்ல. கனலும் திரியைக் கிண்ணியில் இருக்கும் மருந்துக்குக் கொண்டுபோகும் திரித்துப்பாக்கி ஒரு தலைமுறை. சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசிப் பொறி பறக்கவிடும் துப்பாக்கி அடுத்தது. கம்பெனியின் ‘இந்தியா பேட்டர்ன்’ துப்பாக்கிக்கு 39 அங்குலக் குழல். 1790களில் பிரெஞ்சுப் போர் நெருக்கியபோது பிரிட்டிஷ் ராணுவமே அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டது. விசைத்தகட்டில் இதய வடிவ முத்திரை இருந்தால் அது ஏறத்தாழ 1808-க்கு முந்தைய கம்பெனிச் சரக்கு. நின்ற சிங்கம் இருந்தால் பிந்தையது. இதைவிட நுட்பமான தடயம் துருவிலேயே இருக்கிறது. கருமருந்து எரிந்த எச்சம் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். ஆகவே தீத்துளையைச் சுற்றிக் குழி குழியாக அரித்திருந்தால் அது பலமுறை சுட்ட துப்பாக்கி என்று ஊகிக்கலாம். அங்கே வழவழப்பாக இருந்து மற்ற இடமெல்லாம் துருவேறியிருந்தால் அது அணிவகுப்பிலேயே காலம் கழித்ததாக இருக்கலாம். மரத்துக்குள் மறைந்திருக்கும் குழலின் அடிப்பக்கத்தில்தான் பட்டறை முத்திரை தப்பிப் பிழைக்கும்.

தஞ்சைத் துருவுக்கு அரசியல் காரணமும் உண்டு. 1799 அக்டோபர் ஒப்பந்தத்தோடு அன்றைய அரசர் சரபோஜி நாட்டின் நிர்வாகத்தைக் கம்பெனியிடம் விட்டுவிட்டு, கோட்டையையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டுமே தமக்கென்று வைத்துக்கொண்டார். போருக்குப் போகும் படை இல்லையென்றால் துப்பாக்கிக் குழலுக்கு எண்ணெய் போட ஆளும் இல்லை. ஆயுத பூஜைக்குத் துடைத்துப் பொட்டு வைப்பது ஒரு நாள் காரியம். காவிரிக் கரையின் ஐப்பசி ஈரம் ஆண்டுதோறும் வரும். ஆக, 1863-ல் கண்ட துரு அந்த ஆயுதங்களின் தரத்தைக் காட்டியது அல்ல. அரை நூற்றாண்டுக்கு மேலாக வேலையற்றுக் கிடந்த ஒரு படையின் கணக்கு அது.

1857 கலகத்தைப் பார்த்த அரசு ஆயிரக்கணக்கான ஆயுதங்களை எப்படி விட்டுவைக்கும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 டிசம்பர் 1 பிரகடனத்தில் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் உத்தரவிட்ட அரசு இது. ஆனால் 1853 மாதிரி என்ஃபீல்டு ரைபிள் புழங்கிய காலத்தில் துருப்பிடித்த திரித்துப்பாக்கி யாரை அச்சுறுத்தும்? பயம்தான் காரணம் என்றால் தீத்துளையை அடைத்திருந்தாலே போதும். உலையில் போடச் சொன்னது கணக்குப் பிள்ளையின் தராசு.

நல்லதையெல்லாம்தான் அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டதே என்பார்கள். எடுத்தது உண்மை, அதற்கு நன்றி சொல்லவும் வேண்டும். ஆனால் பொறுக்குகிற கை அழகைத்தான் முதலில் தேடும். சித்திரவேலை செய்த அங்குசமும் கட்டாரியும் தப்பும். சாதாரணச் சிப்பாய் தோளில் சுமந்த துப்பாக்கி எடைக்குப் போகும். பெயருக்கு உள்ள மதிப்பைப் பாருங்கள்: திப்புவின் படுக்கையறை வாள் 2023 மே மாதம் லண்டன் ஏலத்தில் ஏறத்தாழ 1.4 கோடி பவுண்டுக்குப் போனது. அந்த விலையை வெறும் இரும்பு ஈட்டவில்லை. யாருடையது, எங்கே எடுத்தது, யார் கைக்குப் போனது என்ற தொடர்ச்சிதான் ஈட்டியது. தஞ்சையில் உடைபட்டது அந்தத் தொடர்ச்சி.

துருவை விட்டால் இரும்பையே தின்றுவிடுமே என்பதும் நியாயமான கவலை. ஆனால் எல்லாத் துருவும் ஒன்றல்ல. தொட்டால் செம்பொடியாக உதிர்வது இன்னும் தின்றுகொண்டிருக்கும் துரு. அதை நிறுத்தத்தான் வேண்டும். கரும்பழுப்பாக இறுகி வழவழப்பாக இருப்பது பெரும்பாலும் காவல். அந்தக்காலத் துப்பாக்கிப் பட்டறைகளில் குழலில் வேண்டுமென்றே துருவேற்றி, தேய்த்து, மறுபடி ஏற்றிப் பழுப்பு மெருகு கொடுப்பது வழக்கம். உப்புத்தாளால் பளபளக்கத் தேய்ப்பவர் பட்டறைக்காரனின் மெருகையும் முத்திரையையும் சேர்த்தே அழிக்கிறார். எண்ணெயில் ஊறவிட்டு மெல்லத் துடைப்பது முதல் படி. அதற்கு மசியாவிட்டால்தான் சலவை சோடாக் கரைசலில் சிறு மின்சாரம் செலுத்தும் முறை. உலோகத்துக்கு மின்பகுப்பு வைத்தியம் நம்மூருக்குப் புதிதல்ல: 1930-ல் சென்னை அருங்காட்சியகத்தில் தொடங்கிய வேதியியல் பாதுகாப்புக் கூடத்தில் எஸ். பரமசிவன் வெண்கலச் சிலைகளுக்கு இதைச் செய்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களைச் சோதித்தவரும் அவரே. இரண்டிலும் சோதனை முன்னே வந்தது, கைவைப்பது பின்னே வந்தது.

தஞ்சைக் கீழவாசல் பீரங்கி மேட்டில், ரகுநாதர் காலத்தது என்று கருதப்படும் ஏறத்தாழ 22 டன் இரும்புப் பீரங்கி இன்னும் கிடக்கிறது. உருக்கி வார்க்காமல், நீளப் பட்டைகளை அடுக்கி மேலே வளையங்களை ஏற்றி உலைச்சூட்டில் அடித்து இணைத்தது அது. கான்பூர் ஐஐடி உலோகவியலர் பாலசுப்பிரமணியத்தால் அதை ஆராய முடிந்தது, யாரும் அதை உடைக்காததாலும் பளபளக்கத் தேய்க்காததாலும்தான். பழைய துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகளுக்கும் இது பொருந்தும். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பழுது பார்த்தாலும் சுட முடியாத தொன்மையான ஆயுதத்துக்குத்தான் விலக்கு அளிக்கிறது; தன் துப்பாக்கி அதில் அடங்குமா என்று தெரியவே முதலில் அது இன்னதென்று தெரிய வேண்டும். படம் எடுத்து, முத்திரையைக் குறித்து, எந்தக் குடும்பத்தில் எப்படி வந்தது என்று எழுதிவைத்த பிறகு எண்ணெய்த் துணியை எடுத்தால் போதும். 1863-ல் அந்தக் குவியலுக்கு ஒரு பட்டியல் போட ஆகியிருக்கும் செலவு, இரும்புக்கு வந்த காசைவிடக் கூடுதலாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பட்டியல் இருந்திருந்தால் தஞ்சைப் படையின் வரலாற்றை இன்று நம்மால் எழுத முடியும்.